சுருள்வில்லா, காற்றா: போடிமெட்டுத் தடத்துக்கு எந்த ஃபோர்க்?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறி, கேரள எல்லை தாண்டிப் பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களின் ஜீப் தடங்களில் மலைச் சைக்கிள் ஓட்ட விரும்புபவர், முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியைத் தாங்கும் இரட்டைக் கால்) வாங்கும்போது சுருள்வில் வைத்ததா, காற்று அடைத்ததா என்றே முதலில் கேட்கிறார். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, உள்ளே டேம்பர் இருக்கிறதா என்பது.

எந்த வில்லும் அடியைத் தாங்கி அழுந்தும். வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தந்தும் தீரும். அந்தத் துள்ளலை அடக்குவது டேம்பரில் உள்ள எண்ணெய்: சிறு துளைகள் வழியே அது பிதுங்கிச் செல்கையில் ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. மலிவு விலை ஃபோர்க்குகள் பலவற்றில் வெறும் சுருள்வில் மட்டும் இருப்பதால், கல்லில் இறங்கியதும் ஹேண்டில்பார் கைக்குள் எகிறுகிறது. சுருள்வில்லுக்கு வந்த கெட்ட பெயரெல்லாம் இதனால் வந்ததுதான்.

நல்ல டேம்பர் இரண்டிலும் இருக்கும்போதே ஒப்பீடு நியாயமாகிறது. சுருள்வில் அழுந்தும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு கூடுதல் விசையைக் கேட்கும். உராயும் சீல்கள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) குறைவு என்பதால் பொடிக்கல்லுக்கும் அசைந்து கொடுக்கும். காற்றோ, அறை சுருங்கச் சுருங்க மேலும் மேலும் விறைக்கும் என்பதால், பெரிய பள்ளத்தில் விழுந்தாலும் ஃபோர்க் அடிவரை இறங்கி இடிப்பது அரிது. ஆனால் காற்றை அடைத்து வைக்கும் இறுக்கமான சீல்களை முதலில் நகர்த்தவே சிறிது விசை செலவாகிறது. எடையில் காற்றுக்குச் சில நூறு கிராம் சாதகம். 17 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறுபவர் அதை மதிப்பார்.

ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப அமைப்பதில் காற்று எளிதாக வெல்கிறது. ஏறி அமர்ந்ததும் ஃபோர்க் தன் மொத்த அசைவில் (முழுதாக அழுந்தக்கூடிய தூரத்தில்) 15 முதல் 20 விழுக்காடு, கரடுமுரடான இறக்கங்களுக்கு 25 முதல் 30 விழுக்காடு தாழ வேண்டும். காற்று வகைக்கு அதற்கென உள்ள ஷாக் பம்பால் சில முறை அடித்தால் போதும். சுருளுக்கு வேறு வில்லையே வரவழைக்க வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒரே சைக்கிளைப் பகிரும் வீட்டில் சுருள்வில் சரிப்படாது.

மலையின் குணமும் கணக்கில் வரும். அடிவாரத்து 35 டிகிரி வெயிலில் 100 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அடைத்த ஃபோர்க், மேலே 20 டிகிரிக் குளிரில் ஐந்தாறு பி.எஸ்.ஐ. இழக்கும்; ஆயிரம் மீட்டர் ஏறியதில் வெளிக்காற்று மெலிவதால் ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவுக்கு ஈடாகும். மிச்சக் குறையைச் சரிசெய்யப் பம்ப் கையில் வேண்டும். சுருளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆனி, ஆடி மழையில் எல்லைக்கு அப்பால் தடமெல்லாம் சேறாகும்போது இரண்டு வகைக்கும் வெளிச்சீல்களைத் துடைக்க வேண்டும். ஃபோர்க்கின் கீழ்க்கால்களில் உள்ள எண்ணெயை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது ஃபோர்க் தயாரிக்கும் ராக்ஷாக்ஸ் நிறுவனம். காற்றுச் சீல் வழியில் பழுதானால் ஃபோர்க் அமிழ்ந்துவிடும். அதே இடத்தில் சுருள்வில் வீடுவரை சுமந்து வரும். தனியாக ஓட்டுபவன், எடை மாறாதவன், பழுது பார்க்கும் கடைக்குப் பேருந்து ஏற வேண்டியவன் என்ற முறையில் நான் சுருள்வில்லுக்காக அந்தச் சில நூறு கிராமைச் சுமக்கிறேன்.