எம்டியா, எம்டி-பிஎச்டியா: ஆய்வு ஆசையை எங்கே, எவ்வளவு எழுதுவது?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்திருந்தால், கட்டுரை எழுத உட்காரும்போது ஒரு தயக்கம் வரும். ஆராய்ச்சி ஆசையை அழுத்திச் சொன்னால், "அப்படியானால் பிஎச்டிக்கே போகலாமே" என்று தேர்வுக் குழு கேட்கும். அடக்கி வாசித்தால் பட்ட பாடு கண்ணில் படாது. அமெரிக்காவில் எம்டி என்பது மருத்துவராவதற்கான அடிப்படைப் பட்டம். எம்டி-பிஎச்டி என்பது அதையும் ஆய்வுப் பட்டத்தையும் சேர்த்துப் பெறும் படிப்பு. எவ்வளவு சொல்வது என்பது இவற்றில் எதற்கு விண்ணப்பிக்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பமே இதைக் காட்டிக்கொடுக்கிறது. எம்டிக்கு விண்ணப்பிப்பவருக்குத் தன் கதையைச் சொல்ல 5,300 எழுத்துகள்தான், இடைவெளியும் சேர்த்து. எம்டி-பிஎச்டிக்கு விண்ணப்பிப்பவர் அதற்கு மேல் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். இரண்டு பட்டங்களும் ஏன் வேண்டும் என்பதற்கு 3,000 எழுத்துகள். செய்த ஆய்வை விவரிக்க 10,000 எழுத்துகள்.

வரிக்குதிரை மீனில் இன்சுலின் சுரக்கும் செல்களை ஆராய்ந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். எம்டி கட்டுரையில் அந்த மீனுக்கு ஒரு பத்தி போதும். அதிலும் மரபணுவின் பெயர் வேண்டாம். சோதனை பலிக்காதபோது என்ன செய்தாள், அந்தக் கேள்வி அவளை நீரிழிவு நோயாளிகளிடம் எப்படிக் கொண்டுசென்றது என்பதே அங்கே எடுபடும். மீதி இடம் நோயாளிகளுக்கு. ஆய்வின் விவரங்களைச் சொல்ல, செயல்பாடுகள் பகுதியில் ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள் தனியாக இருக்கின்றன.

10,000 எழுத்துக் கட்டுரையைப் படிப்பவர்கள் வேறு ஆட்கள். பெரும்பாலும் அவர்களே ஆய்வகம் நடத்துபவர்கள். எந்த ஆய்வகம், யாருடைய வழிகாட்டுதல், எவ்வளவு காலம், எந்தக் கேள்வி, அதில் அவளுடைய கை எவ்வளவு என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டும். இங்கே 'நாங்கள் கண்டுபிடித்தோம்' என்று பொதுவாக எழுதுவது ஆபத்து. எந்தச் சோதனையை அவளே வடிவமைத்தாள், முடிவு வேறாக வந்தபோது என்ன யோசித்தாள் என்று தேடிப் படிப்பார்கள். ஆய்விதழில் வெளியான கட்டுரை இல்லாதது பெரிய குறையில்லை. தன் ஆய்வின் கேள்வியையே விளக்கத் தெரியாததுதான் குறை. ஆய்வகத் தலைவரின் பரிந்துரைக் கடிதமும் இதற்கு ஒத்துப்போக வேண்டும்.

பணம்தான் பலரையும் எம்டி-பிஎச்டி பக்கம் இழுக்கிறது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 1964-இல் தொடங்கிய மருத்துவ விஞ்ஞானிப் பயிற்சித் திட்டத்தில் கல்விக் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் உண்டு. நம் வீடுகளில் இதைக் கேட்டதும் பெற்றோர் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் படிப்பு பொதுவாக எட்டு ஆண்டுகள். அதன் பிறகுதான் ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சி. கட்டணத்துக்காக மட்டும் வந்தவர் நேர்காணலில் விரைவில் பிடிபட்டுவிடுவார். ஆய்வு இல்லாமல் தன்னால் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு 'முடியும்' என்பது பதிலானால், எம்டியே போதும் என்பது என் கருத்து.

எம்டி மட்டும் படித்தால் ஆய்வுக் கதவு அடைபட்டுவிடும் என்ற பயமும் தேவையில்லை. கொலஸ்ட்ரால் ஆய்வுக்காக 1985-இல் நோபல் பெற்ற மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் எம்டி மட்டுமே. 2012-இல் வேதியியல் நோபல் பெற்ற ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் அப்படித்தான். மறுபுறம், எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு வழிவகுத்த ஆய்வுக்காக 2023-இல் நோபல் பெற்ற ட்ரூ வைஸ்மேன் இரண்டு பட்டமும் பெற்றவர்.

இரண்டுக்கும் நடுவே இருக்கும் வழியைப் பலர் பார்ப்பதே இல்லை. கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கிளீவ்லாந்து கிளினிக் லெர்னர் கல்லூரி ஐந்தாண்டு எம்டி தருகிறது. ஆய்வேடு கட்டாயம், கல்விக் கட்டணம் முழுவதும் உதவித்தொகையாகக் கிடைக்கும். யேலில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே எம்டி மாணவர்கள் ஆய்வேடு எழுதுகிறார்கள். டியூக்கில் மூன்றாம் ஆண்டு ஆய்வுக்கு. இந்த இடங்களுக்கு எழுதும்போது மீன் ஆய்வகத்தை இரண்டாம் கட்டக் கட்டுரைகளில், அதாவது பொது விண்ணப்பத்துக்குப் பிறகு அந்தந்தக் கல்லூரி தனியாகக் கேட்பவற்றில், தாராளமாகக் கொண்டுவரலாம். ஆனால் மருத்துவராகவும் இருக்க விரும்புகிறாள் என்பது அங்கும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

எம்டி-பிஎச்டி கிடைக்காவிட்டால் அதே விண்ணப்பத்தை எம்டிக்குப் பார்க்கும் கல்லூரிகளும் உண்டு, பார்க்காத கல்லூரிகளும் உண்டு. பட்டியல் போடும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். மருத்துவ விஞ்ஞானிப் பயிற்சித் திட்டத்தின் அரசுப் பணம் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்குத்தான் போகும். மற்றவர்களைச் சேர்க்கும் கல்லூரிகள் சொந்த நிதியிலிருந்து தர வேண்டியிருப்பதால், அப்படிச் சேர்க்கும் இடங்கள் குறைவு.