க்ளீன் ரூம் கதை சொல்லி 30,000 ரூபாய் வாங்கிய டேட்டா ரெக்கவரி கடை

வீட்டுக் கம்ப்யூட்டரில் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு (RAID) போட்டு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. சென்னையில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, நல்ல ஏசி, வாசலில் ‘டேட்டா இல்லையேல் கட்டணம் இல்லை’ என்று ஆளுயரத்துக்கு ஒரு போர்டு. இவ்வளவு போதும்.

என்னுடையது சாதாரண டெஸ்க்டாப்தான். உள்ளே 4 டிபி டிஸ்க் நான்கு. லினக்ஸ் போட்டு, எம்டிஆட்ம் என்ற கருவியை வைத்து நான்கையும் ரெய்டு 5 ஆகச் சேர்த்திருந்தேன். நான்கில் எந்த ஒன்று செத்தாலும் மிச்ச மூன்றை வைத்து அதில் இருந்ததைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். இரண்டு போனால் எல்லாமே நின்றுவிடும். அதில் இருந்தவை குழந்தைகளின் போட்டோக்கள், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், 2004-இல் நடந்த அப்பாவின் மணிவிழா வீடியோ. மணிவிழா மினி டிவி (MiniDV) வீடியோ கேசட்டில் எடுத்தது. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி வீதம் ஐந்து கேசட்டையும் ஏற்றி முடித்த பிறகு, பூஞ்சை பிடித்திருந்த கேசட்டுகளை நானே குப்பையில் போட்டேன். வேறு பிரதி? கிடையாது. ரெய்டுதான் இருக்கிறதே என்ற நினைப்பு. திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளுங்கள், வீட்டில் ஏற்கெனவே ஒரு சுற்று முடிந்துவிட்டது.

மார்ச் 9 இரவு கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. மறுபடி ஆன் செய்து பார்த்தால் ரெய்டு எழவில்லை. நான்கில் இரண்டு டிஸ்க் வெளியே போய்விட்டன, அதுவும் ஒரே நொடியில். நல்ல நிலையில் இருந்த இரண்டு டிஸ்க்குகள் கைகோத்துக்கொண்டு ஒரே நொடியில் சாகுமா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கை நடுங்கியது. எனக்குத் தெரிந்த நான்கைந்து கட்டளைகளை அடித்து, திரையில் வந்ததையெல்லாம் போனில் படம் பிடித்து அக்கா மகனுக்கு அனுப்பினேன். அவன் பெங்களூரில் சர்வர் பார்க்கிற வேலையில் இருக்கிறான். அன்று பார்த்து நண்பர்களோடு மலையேறப் போயிருந்தான், சிக்னல் இல்லை. இரண்டு நாள் பொறுத்திருந்தால் இந்தப் பதிவே கிடையாது.

11-ஆம் தேதி காலை நான்கு டிஸ்க்கையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பார்ப்பதற்கே 1,500 ரூபாய். ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, உள்ளேயிருந்து வந்த பையன் ஒரு டிஸ்க்கை என் காதருகே நீட்டினான்.

“கேளுங்க சார், டிக் டிக்னு வருதா? ஹெட் போயிடுச்சு. ரெண்டுலயும் இதே கதைதான். க்ளீன் ரூம்ல வச்சுத்தான் திறக்கணும்.”

ஹெட் என்பது டிஸ்க்கைப் படிக்கும் முனை, க்ளீன் ரூம் என்பது தூசியே இல்லாத அறை. சத்தம் வந்தது உண்மை. அது என் டிஸ்க்தானா என்று லேபிளைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இன்று வரை அதை நினைத்தால் எரிகிறது.

68,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. முன்பணம் 30,000. யுபிஐ-யில் அனுப்பினேன். கியூஆர் கோடில் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒருவருடைய சொந்தப் பெயர் வந்தது. “எங்க முதலாளி அக்கவுண்ட்தான் சார்” என்றான். சரி என்று அழுத்திவிட்டேன். ரசீது என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு: ‘4 நம்பர் ஹார்டு டிஸ்க், சர்வீஸ் அட்வான்ஸ்’. சீரியல் நம்பரும் இல்லை, ஜிஎஸ்டி நம்பரும் இல்லை. ஆனால் கணக்கில் ஜிஎஸ்டி மட்டும் உண்டு.

அப்புறம் பன்னிரண்டு நாள் போன் புராணம். முதலில் ‘டோனர் டிஸ்க் வரவழைக்கிறோம்’, அதாவது ஹெட்டைக் கழற்றி எடுக்க இன்னொரு டிஸ்க். பிறகு ‘ஹெட் மாத்தியாச்சு, ராத்திரி பகலா ரீடிங் ஓடுது’. அதன் பிறகு ‘கொஞ்சம் கரப்ட் காட்டுது சார்’. 23-ஆம் தேதி கூப்பிட்டு, டேட்டா வராது, டிஸ்க்கை எடுத்துப் போகலாம் என்றார்கள். முன்பணத்தைக் கேட்டேன். அது பார்ட்ஸ் செலவாம். வாசலில் போர்டு இருக்கிறதே என்றால், அது லேபர் சார்ஜுக்கு மட்டுமாம். குரலை உயர்த்தியதும் உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அக்கா மகன் வந்தான். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டும் முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மாமா, ஹெட் மாத்தினாங்கன்னு சொன்னீங்க. மூடியைத் திறந்த மாதிரியே இல்லையே?”

ஹார்டு டிஸ்க் மூடியின் திருகுகளில் ஒன்றிரண்டு லேபிளுக்கு அடியில் இருக்கும். பக்கவாட்டில் சீல் ஸ்டிக்கரும் இருக்கும். லேபிளைக் கிழிக்காமலோ உரிக்காமலோ மூடியைக் கழற்ற முடியாது. என் நான்கு டிஸ்க்கிலும் லேபிள் கல்யாணப் பத்திரிகை போல மொழுமொழுவென்று இருந்தது. விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன், ஓர் ஓரம்கூட எழும்பவில்லை.

பிறகு மாட்டினான். எல்லா டிஸ்க்கும் ஸ்மார்ட் என்று ஒரு நாட்குறிப்பைத் தானே எழுதிக்கொள்ளும். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை ஆன் ஆனது, எத்தனை செக்டர் (டேட்டா எழுதும் சின்னத் துண்டு) கெட்டது என்று எல்லாம் அதில் வரும். மார்ச் 9 இரவு நான் எடுத்த படத்தில் முதல் டிஸ்க் ஓடிய நேரம் 21,307 மணி. இப்போது 21,324. மற்ற மூன்றிலும் அதே 17 மணி வித்தியாசம். ராத்திரி பகலாக ரீடிங் ஓடியதாகச் சொன்ன பன்னிரண்டு நாளில் மின்சாரம் பாய்ந்தது மொத்தமே 17 மணி நேரம். கெட்ட செக்டர் எண்ணிக்கை நான்கிலும் பூஜ்யம். வெளியேறிய இரண்டு டிஸ்க்கில் மட்டும் திடீரென்று மின்சாரம் அறுந்த கணக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது, மற்ற இரண்டில் ஒற்றை இலக்கம். அந்த இரண்டுக்கும் மட்டும் பவர் வந்துகொண்டிருந்தது, நான் 150 ரூபாய்க்கு வாங்கிய, ஓர் இணைப்பை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் ஒயர் வழியாக. பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு வகை. பிரித்துப் பார்த்தால் ஒரு முனை பழுப்பேறிக் கிடந்தது. ஆக, வியாதி டிஸ்க்கில் இல்லை, ஒயரில்.

கடைக்குப் போகும் முன் டிஸ்க்குகள் இருந்த நிலையும் என் படத்திலேயே இருந்தது. ரெய்டில் சேர்ந்த ஒவ்வொரு டிஸ்க்கும் ஈவன்ட் என்று ஓர் எண்ணை வைத்திருக்கும், எழுத எழுத அது கூடும். உள்ளே நின்ற இரண்டில் 48,112, வெளியேறிய இரண்டில் 48,106. ஆறே ஆறுதான் பின்தங்கல். ஒயரை மாற்றிவிட்டு, ‘அசெம்பிள்’ கட்டளையை ‘ஃபோர்ஸ்’ சேர்த்துக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்திருக்கும் என்றான். அவன் சொன்னதை நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஐந்து நிமிடம்.

கடை செய்தது வேறு. ரெய்டின் தலைப்பகுதியில் ‘உருவாக்கிய நேரம்’ என்று ஒரு வரி உண்டு. நான் அதைக் கட்டி வருடங்கள் ஆகின்றன. இப்போது அந்த வரியில் இருப்பது மார்ச் 14, மாலை 6.42. அந்த நேரத்தில் டிஸ்க்குகள் கடையின் மேசையில் இருந்தன. அதாவது, பழைய ரெய்டை எழுப்பத் தெரியாமல் ‘கிரியேட்’ கட்டளை கொடுத்து அதன்மேலேயே புதிதாக ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். முதல் டிஸ்க் மட்டும் சரியான இடத்தில், மற்ற மூன்றும் வரிசை மாறி. கட்டியதும் அது தன்னால் நான்காவது டிஸ்க்கைத் திருப்பி எழுத ஆரம்பித்திருக்கிறது. ராத்திரி அப்படியே ஓட விட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் காலை, குப்பையாகத் தெரிந்த ஃபைல் சிஸ்டத்தின்மேல் (எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கு அதில்தான் இருக்கும்) பழுதுபார்க்கும் கட்டளையை எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்று சொல்லி ஓட்டியிருக்கிறார்கள். அதற்கும் சாட்சி இருக்கிறது: ‘கடைசியாகச் சோதித்தது’ என்ற வரியில் மார்ச் 15, காலை 10.20. திருடன் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி.

டிஸ்க்கைத் திருப்பி எழுதினால் போச்சே என்று நான் தலையில் கை வைத்தேன். அவன் சிரித்தான். ரெய்டு 5-இல் நான்கு டிஸ்க்கிலும் ஒரே இடத்தில் இருக்கும் பிட்களை எடுத்தால், அதில் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி பாரிட்டி என்ற சரிபார்ப்பு பிட் எழுதியிருக்கும். மூன்றைப் பார்த்து நான்காவதைக் கணக்கிடும்போது எது முதல், எது இரண்டாவது என்ற வரிசைக்கு வேலையே இல்லை. மொய்ப் பணத்தை எண்ணும்போது யார் முதலில் எழுதினார் என்றா பார்க்கிறோம், கூட்டினால் ஒரே தொகைதான். அதனால் ராத்திரி முழுக்க அந்த டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த பிட்களையே திரும்ப அதே இடத்தில் எழுதியிருக்கிறது. தப்பான வரிசையில் கட்டியும் தப்பித்தது அந்தக் கணக்கின் புண்ணியம். உண்மையான சேதம் மறுநாள் காலை ஓட்டிய பழுதுபார்ப்பில்தான்.

அவன் வேலை செய்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அசல் டிஸ்க்குகளில் ஒரு பிட்கூட எழுதவில்லை. வேறொரு டிஸ்க்கில் ஓவர்லே ஃபைல்களை வைத்து, எழுதுவதெல்லாம் அங்கே போகும்படி செய்துகொண்டான். வரைபடத்தின்மேல் ட்ரேசிங் பேப்பர் வைத்து வரைவதைப் போல, பிடிக்கவில்லையென்றால் தாளை எடுத்துவிட்டு அடுத்த தாள். நான்கு டிஸ்க்கை 24 விதமாக அடுக்கலாம். என் படத்தில் எந்த சீரியல் நம்பருக்கு எந்த இடம் என்பது இருந்ததால் முதல் முயற்சியிலேயே உட்கார்ந்தது. படிக்க மட்டும் என்று திறந்து, புதிதாக வாங்கிய 8 டிபி டிஸ்க்குக்கு நகலெடுக்க விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போட்டோக்களில் பெரும்பகுதி வந்துவிட்டது. 200 போல பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகக் கிடக்கின்றன. சுமார் 2,300 ஃபைல்கள் பெயரிழந்து, வெறும் எண்களாக ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ ஃபோல்டரில் குவிந்திருக்கின்றன. மனைவி தினமும் ராத்திரி ஐம்பது ஐம்பதாகத் திறந்து பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள். மணிவிழாவில் நான்கு கேசட் முழுசாக இருக்கிறது. மூன்றாவதில் 38-ஆவது நிமிடம், அப்பா தாலியைக் கையில் எடுக்கிறார், படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. மறுபடி தெளியும்போது பந்தியில் இலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால், முதலில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஒயர்களைப் பாருங்கள். இரண்டு டிஸ்க் ஒரே நொடியில் போனால் ஒயர், பவர் சப்ளை, கன்ட்ரோலர் கார்டு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். டிஸ்க்கிலிருந்து நிஜமாகவே டிக் டிக் சத்தம் வந்தால் மறுபடி ஆன் செய்யாதீர்கள், அதற்கு உண்மையான க்ளீன் ரூம்தான் வேண்டும். அப்படி நல்லபடியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், காசும் நிறைய ஆகும். ஆனால் டிஸ்க்கைக் கொடுக்கும் முன் ஸ்மார்ட் விவரத்தையும் ரெய்டின் தலைப்பகுதியைக் காட்டும் ‘எக்ஸாமின்’ விவரத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், படித்துக் காட்டுவதைத் தவிர அந்தக் கட்டளைகள் எதையும் மாற்றாது. சீட்டில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள். ‘முதலில் நகல் எடுப்பீர்களா, அசலிலேயே வேலை செய்வீர்களா’ என்று கேளுங்கள். நகல் எடுக்க டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியே இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஆள் முழித்தால் டிஸ்க்கை அதே துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ரெய்டு என்ற பெயர் 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையால் பரவியது. அதில் ‘ஐ’ என்ற எழுத்துக்கு முதலில் சொன்ன விரிவு ‘மலிவான’ என்பது. 68,000 ரூபாய் கேட்டவனிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். கடையிலிருந்து 10,000 தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்று பேசினார்கள். ஒப்புக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரையான மதிப்புக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். யுபிஐ ரசீது, துண்டுச் சீட்டு, மார்ச் 9 இரவு எடுத்த படங்கள், லேபிள் கிழியாத டிஸ்க்குகளின் போட்டோ எல்லாம் சேர்த்தாயிற்று. கடைத் தரப்பில் பதில் போட்டிருக்கிறார்கள்: டிஸ்க்குகள் வந்தபோதே இதே நிலையில்தான் இருந்தன, நாங்கள் எதையும் எழுதவில்லை என்று. அந்தப் பதிலின் பின்னால் ‘மார்ச் 14, மாலை 6.42’ என்று அச்சான தாளைக் குத்தி வைத்திருக்கிறேன்.