கும்பகோணத்திலிருந்து கிளம்பினால்: பிச்சாவரமா, கோடியக்கரையா?

கையில் ஒரே நாள்தான் என்றால் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போங்கள். மயிலாடுதுறை, சீர்காழி வழியே கொள்ளிடம் பாலம் தாண்டினால் சிதம்பரம். அங்கிருந்து அரை மணி நேரம். துடுப்புப் படகே எடுங்கள், குறுகலான வாய்க்கால்களுக்குள் விசைப்படகு நுழையாது. சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்பதைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். தில்லை மரத்தை மட்டும் ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான்.

கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்துக்குத் திருவாரூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழி. தூரம் கூடுதல். உப்பளங்களைத் தாண்டினால் வெளிமான் கூட்டம். பூநாரைக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை நல்ல காலம். மழைக்கு மறுநாள் தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள், களிமண்ணில் சக்கரம் புதைந்துவிடும். பெட்ரோலை வேதாரண்யத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.