அக்குபஞ்சர் பேக்கேஜுக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்

ஐவிஎஃப் (கருவை வெளியே உருவாக்கிக் கருப்பையில் வைக்கும்) சிகிச்சையில் இருப்பவர்களைக் குறிவைத்து, அக்குபஞ்சரும் மனநல ஆதரவும் சேர்ந்த பேக்கேஜ் என்று ஒன்றை விற்கிறார்கள். நானும் கணவரும் வாங்கினோம். முழுத் தொகையையும் முதல் நாளே கட்டச் சொன்னார்கள், கட்டினோம். அந்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் பேசிய விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இதே பேச்சு வேறு இடத்திலும் வரும்.

ஊசியின் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஸ்கேன் இல்லை, ரத்தம் எடுப்பதில்லை, யாரும் ஒன்றும் கேட்பதில்லை. விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா படுக்க விடுவார்கள். சிகிச்சைக் காலத்தில் அதுவே பெரிய நிம்மதி. அந்த நிம்மதிக்கு மட்டும் காசு வாங்கியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலையில்லை.

வரவேற்பறையில் ஓர் ஆய்வின் சுருக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். 2002-ல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வு. கரு வைக்கும் நாளில் அக்குபஞ்சர் எடுத்தவர்களில் 42.5 சதவீதம் பேர் கர்ப்பமானார்கள், எடுக்காதவர்களில் 26.3 சதவீதம். பார்த்தவுடன் யாருக்கும் ஆசை வரும். அந்த ஆய்வு பொய்யில்லை. ஆனால் அதில் இருந்தது 160 பெண்கள், போலி ஊசியோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. 2018-ல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களை வைத்து, தோலுக்குள் இறங்காத போலி ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குழந்தை பிறந்தது அசல் ஊசிக்காரர்களில் 18.3 சதவீதம் பேருக்கு, போலி ஊசிக்காரர்களில் 17.8 சதவீதம் பேருக்கு. கிட்டத்தட்ட ஒன்றுதான். இதற்குச் சுவரில் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

'மனநல ஆதரவு' என்றது ஒரு வாட்ஸ்அப் குழுவும், அந்த அக்குபஞ்சர் அம்மாவே நடத்திய 'கவுன்சலிங்'கும்தான். உளவியல் படித்தவர் யாரும் அங்கே இல்லை. குழுவைத் திறந்தால் இரட்டைக் கோடு விழுந்த டெஸ்ட் படங்கள், பூங்கொத்துகள், "எல்லாம் உங்க கைராசி மேடம்". நெகட்டிவ் வந்தவர் ஒருவர்கூட இல்லையே என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். எனக்கு நெகட்டிவ் வந்ததைக் குழுவில் போட்ட அன்று காரணம் தெரிந்தது. சற்று நேரத்தில் அந்தச் செய்தி காணாமல் போனது, அப்புறம் நானும் குழுவில் இல்லை. "மத்தவங்க மனசு தளர்ந்துடக் கூடாது, அதான்" என்று தனியாக ஒரு செய்தி வந்தது.

அடுத்த முறை போனபோது அவர் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "நீங்க உள்ளுக்குள்ள ரொம்ப இறுக்கமா இருக்கீங்கம்மா. அப்படி இருந்தா கரு எப்படி ஒட்டும்? வீட்டுக்காரர் மேல இருக்கிற கோபத்தை முதல்ல வெளியே விடுங்க." கணவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அதே மூச்சில், மனப் பாரத்தை இறக்கும் தனி அமர்வுகள் என்று இன்னொரு பேக்கேஜின் விலைப்பட்டியல் எங்கள் முன்னால் வந்தது.

இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 ஆய்வுகளை, 3,583 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. சிகிச்சைக்கு முன் இருந்த கவலைக்கும் மன அழுத்தத்துக்கும், அந்தச் சுற்றில் கர்ப்பம் தங்கியதா இல்லையா என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை என்பதே அதன் முடிவு. நீங்கள் அழுததால் கரு ஒட்டாமல் போகவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம் உடம்பு சம்பந்தப்பட்டது. எனக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவே இல்லை. அக்குபஞ்சர் ஊசி குத்திய இடமெல்லாம் கருநீலமாகக் கன்றிப்போனது. "கெட்ட ரத்தம் வெளியேறுது" என்றார்கள். கூடவே லேபிள் இல்லாத டப்பாவில் ஒரு மூலிகைப் பொடி. "டாக்டர்கிட்ட சொல்ல வேண்டாம், அவங்களுக்குப் புரியாது" என்ற அறிவுரை வேறு. டாக்டரிடம் டப்பாவோடு போய் நின்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் ஹார்மோன் மருந்துகளோடு சேர்த்து எடுக்கக் கூடாது என்று அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்.

மீதி அமர்வுகளுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'பொது நல அமர்வுகள், தொகை திருப்பித் தரப்படாது' என்று இருந்தது. வாயால் சொன்ன கருத்தரிப்பு என்ற வார்த்தை அதில் எங்குமே இல்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், இன்றுவரை பதில் வரவில்லை.

எங்கள் ஐவிஎஃப் மருத்துவமனையிலேயே பயிற்சி பெற்ற கவுன்சலர் ஒருவர் இருந்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை, அந்தக் குறை அவர்கள் மேல்தான். இப்போது அவரிடம் போகிறோம். உங்கள் மருத்துவமனையிலும் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். அக்குபஞ்சர் ஆசையாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, உறை பிரிக்காத புது ஊசியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லி, ஒவ்வொரு அமர்வுக்கும் தனித்தனியாகப் பணம் கொடுங்கள். அப்படி வாங்க மாட்டோம் என்றால் திரும்பி வந்துவிடலாம்.