டிரெய்லர் லைட் எரியவில்லையா? டெஸ்டரா, மல்டிமீட்டரா, பழைய பல்பா?

படகு டிரெய்லரின் இடது லைட், ஏரிக்குக் கிளம்பும் காலையில்தான் எரியாமல் போகும். கோளாறு பிக்கப்பிலா டிரெய்லரிலா என்று பார்க்க அமெரிக்கக் கடைகளில் மூன்று கருவிகள் கிடைக்கும்: பிளக்கில் செருகும் எல்இடி டெஸ்டர், ஊசிமுனை டெஸ்ட் லைட், மல்டிமீட்டர். மூன்றும் என்னிடம் உண்டு. மூன்றிடமும் ஏமாந்திருக்கிறேன்.

எல்இடி டெஸ்டர் தனியாளுக்கு வசதி. நான்கு பின் தட்டை பிளக்கில் செருகி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தால் போதும். மஞ்சள் ஒயர் இடது இண்டிகேட்டரும் பிரேக்கும், பச்சை வலது, பழுப்பு பார்க் லைட், வெள்ளை எர்த். டெஸ்டர் எரியவில்லை என்றால் நம்பலாம். முதலில் பியூஸைப் பாருங்கள். டிரெய்லர் இழுக்கும் வசதியோடு வரும் பல பிக்கப்களில் டிரெய்லர் லைட்டுக்குத் தனி பியூஸ் உண்டு. வண்டியின் சொந்த லைட் பளிச்சென்று எரிவதால் அந்தப் பியூஸ் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. ஆனால் டெஸ்டர் எரிந்தால் அதை முழுதாக நம்பாதீர்கள். எல்இடிக்குத் துளி கரண்ட் போதும், களிம்பேறிய பின் வழியாகவும் எரிந்துவிடும்.

மல்டிமீட்டருக்கும் இதே வியாதி, இன்னும் மோசமாக. ஒயருக்குள் பச்சைக் களிம்பு பிடித்து 10 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல்பு மாட்டாமல் அளந்தால் மீட்டர் முழு 12 வோல்ட் காட்டும். கால் ஆம்பியர் இழுக்கும் டெஸ்ட் லைட்டுக்குச் சுமார் 10 வோல்ட் கிடைக்கும். கொஞ்சம் மங்கலாக எரியும், வெயிலில் வித்தியாசமே தெரியாது. டிரெய்லரில் இருக்கும் 1157 என்ற இரட்டை இழை பல்பின் பிரேக் இழை கேட்பதோ 2 ஆம்பியர். அதற்கு மிஞ்சுவது நாலரை வோல்ட்டுக்கும் குறைவுதான்.

அதனால் என் ஓட்டு கடையில் விற்காத நாலாவது கருவிக்கு: ஒரு 1157 பல்பு, ஹோல்டர், இரண்டு ஒயர். பார்க்க அசிங்கமாக இருக்கும், பொய் சொல்லாது.

எந்தப் பல்பானாலும் எர்த் கிளிப்பை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் விஷயம். சேஸிஸில் மாட்டினால் லைவ் ஒயரை மட்டும்தான் சோதிக்கிறோம். பிளக்கின் வெள்ளைப் பின்னில் மாட்டினால் எர்த்தும் சேர்ந்து தேர்வாகும். வண்டிப் பக்கத்து தட்டை பிளக்கில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அந்த ஒரு பின்தான். லைவ் மூன்றும் எங்கும் உரசி ஷார்ட் ஆகாமல் இருக்க உள்ளே மறைத்திருக்கிறார்கள்.

எர்த் கோளாறு தானே காட்டிக்கொடுக்கும். இடது இண்டிகேட்டர் போட்டால் வலதும் மினுங்கும். பார்க் லைட் போட்டதும் இண்டிகேட்டர் செத்துப்போகும். திரும்பப் போக வழியில்லாத கரண்ட், பக்கத்து பல்பின் இழை வழியாக வழி தேடுகிறது. இப்படி இருந்தால் வேறு எதையும் பிரிக்காமல் வெள்ளை ஒயரிடம் போங்கள். இங்கே மட்டும் மல்டிமீட்டரை மிஞ்ச ஆளில்லை: எல்லா லைட்டையும் போட்டு, டிரெய்லர் லைட்டின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ களிம்பு. வெள்ளை ஒயர் அறுந்தும் சில டிரெய்லர்கள், வண்டியோடு இணைக்கும் ஹிட்ச் பந்தின் இரும்பு வழியாக எர்த் வாங்கி ஓடிக்கொண்டிருக்கும், பந்துக்கு கிரீஸ் தடவும் நாள்வரை.

ஏழு பின் உருண்டை பிளக்கில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். நீலம் டிரெய்லரின் மின் பிரேக்குக்கானது, பிரேக்கை மிதித்தாலோ வண்டிக்குள் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரைக் கையால் அழுத்தினாலோதான் அதில் கரண்ட் வரும். கருப்பு பேட்டரி சார்ஜுக்கு, சில வண்டிகளில் சாவி போட்டால்தான் உயிர் வரும். அப்புறம், ஏழிலிருந்து நாலுக்கு மாற்றும் அடாப்டர் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சோதியுங்கள். போன கோடையில் அரைநாள் டிரெய்லருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன், களிம்பு இருந்தது அந்த அடாப்டருக்குள்.