ஜியோடாப்: டெல்டாவின் அடிமண்ணைக் காட்டும் இலவசச் சேவை

நெதர்லாந்தின் ரைன்–மாஸ் டெல்டாவில் வீடு கட்டுவோரும் சாலை போடுவோரும் முதலில் அறிய வேண்டியது, அடியில் இருப்பது மணலா, களிமண்ணா, பாதி மக்கிய தாவரங்களாலான பீட் மண்ணா என்பதைத்தான். டிஎன்ஓ என்ற டச்சு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலவியல் ஆய்வுத் துறை உருவாக்கி, டினோலோகெட் இணையதளத்தில் கட்டணமின்றித் தரும் ஜியோடாப் என்ற முப்பரிமாண மாதிரி இதற்கு நல்ல துணை.

அந்நாட்டில் உயரங்களை அளக்க அடிப்படையாகக் கொள்ளும் மட்டத்திற்கு (ஏறத்தாழ கடல்மட்டம்) கீழே அதிகபட்சம் 50 மீட்டர் வரையுள்ள நிலத்தை, 100 மீட்டர் நீள அகலமும் அரை மீட்டர் உயரமும் கொண்ட கட்டங்களாக இது பகுக்கிறது. கட்டம் என்று பெயர்தான், உருவத்தில் தோசையைப் போலத் தட்டையானது. கௌடா நகருக்கு அருகே வரைபடத்தில் ஓரிடத்தைச் சொடுக்கினால், துளையிட்டு எடுத்த மண்தூண் போன்ற படம் கிடைக்கிறது: பழுப்பில் பீட், பச்சையில் களிமண், பல மீட்டர் ஆழத்தில் மஞ்சளாகப் பனியூழிக் கால ஆற்றுமணல். பக்கத்துக் கட்டங்களில் பீட்டுக்கு நடுவே மணல் புகுந்திருந்தால், ஆறு தடம் மாறுவதற்கு முன் ஓடிய பழைய வாய்க்காலாக அது இருக்கக்கூடும். அந்த மணல் பாரம் தாங்கும். பீட்டோ நீர் வடிந்தால் சுருங்கித் தரையையே தாழ்த்திவிடும்.

இதன் உண்மையான மதிப்பு பின்னாலுள்ள கணக்கில் இருக்கிறது. நிலத்தில் துளையிட்டு மண் அடுக்குகளைக் குறித்த துளைப் பதிவுகளுக்கு இடைப்பட்ட இடத்தை ஒரே விடையால் நிரப்பிவிடாமல், சம வாய்ப்புள்ள 100 வடிவங்களைக் கணித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு மண்வகையும் இருப்பதற்கான நிகழ்தகவைத் தருகிறார்கள். களிமண்ணுக்கு 90 சதவீத வாய்ப்புள்ள கட்டமும் 40 சதவீதமே உள்ள கட்டமும், அதிக வாய்ப்புள்ள மண்வகையை மட்டும் காட்டும் படத்தில் ஒரே பச்சையாகத் தெரியக்கூடும். ஆகவே நிறத்தோடு நின்றுவிடுபவர் சேவையின் பாதியை இழக்கிறார்.

குறையும் கட்டத்தின் அளவிலேயே உள்ளது. முப்பது மீட்டர் அகலக் கிளை வாய்க்காலோ, ஒரு சாண் தடிமனுள்ள பீட் அடுக்கோ இதில் தனியாகத் தெரிய வழியில்லை. எனவே ஒரு மனைக்கு அஸ்திவாரம் வடிவமைக்க இதை மட்டும் நம்பக் கூடாது. அங்கே கூம்பு முனையுள்ள தண்டை மண்ணுக்குள் அழுத்தி அதன் எதிர்ப்பை அளக்கும் கூம்பு ஊடுருவல் சோதனை செய்தே ஆக வேண்டும். அச்சோதனைகளை எங்கெங்கே நெருக்கமாகச் செய்வது, எங்கே இடைவெளி விடலாம் என்று திட்டமிடுவதற்கு இது மிகவும் பொருத்தமானது. 2018 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி அரசு அமைப்புகள் தங்கள் நிலத்தடித் தரவுகளைத் தேசியப் பதிவேட்டில் சேர்க்கக் கடமைப்பட்டுள்ளதால், துளைப் பதிவுகள் தொடர்ந்து கூடிவருகின்றன. பழைய பதிப்பைத் தரவிறக்கி வைத்திருப்பவர்கள் பதிப்பு எண்ணைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.