ஸார்கன் நாற்காலியில் மூன்று ஆண்டுகள்

குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்குபவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் அழைப்போம். தொண்ணூறுகளில் ஒரு விடுமுறைக்கு பாரீசிலிருந்து வந்த அவருடைய பேரன், கையோடு ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்தான். ஹீரோ குவெஸ்ட் என்ற பலகை ஆட்டம். அட்டைகளில் இருந்த பிரெஞ்சு எங்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. பாதகமில்லை, பகடையில் மண்டை ஓடு விழுந்தால் அடி, கேடயம் விழுந்தால் தப்பு என்பது புரிந்தது. திண்ணையில் ஒரு மாதம் ஆடினோம். விடுமுறை முடிந்ததும் பெட்டி விமானம் ஏறிவிட்டது.

ஸ்டீபன் பேக்கர் வடிவமைத்து, மில்டன் பிராட்லி நிறுவனம் கேம்ஸ் வொர்க்‌ஷாப்புடன் சேர்ந்து 1989-இல் வெளியிட்ட ஆட்டம் அது. பிறகு அச்சில் இல்லாமல் போய், பழைய பிரதிகள் யானை விலைக்கு விற்றன. 2020 செப்டம்பரில் ஹாஸ்ப்ரோ நிறுவனம், மறுபதிப்புக்கு 10 லட்சம் டாலர் இலக்கு வைத்து ரசிகர்களிடம் முன்பணம் கேட்டது. அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் சேர்ந்தது. அடுத்த ஆண்டு அவலான் ஹில் பெயரில் ஆட்டம் மீண்டும் வந்தது. நான் 2022-இல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். பெட்டியின் ஒரு மூலை வழியில் நசுங்கியிருந்தது. சுங்கவரி ரசீதை இன்றுவரை வீட்டில் காட்டவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நான்கு பேர் நாயகர்கள். காட்டுவீரன், குள்ளன், எல்ஃப், மந்திரவாதி. ஐந்தாமவர் ஸார்கன், தீய மந்திரவாதி. தடுப்பு அட்டைக்குப் பின்னால் வரைபடத்தோடு உட்கார்ந்து, கதவு திறக்கத் திறக்க அறைக்குள் என்ன இருக்கிறது என்று பலகையில் வைப்பது அவர் வேலை. பலகை 26-க்கு 19 கட்டம், பயணங்கள் 14. எங்கள் வீட்டில் அக்கா மகன் காட்டுவீரன், அக்கா மகள் மந்திரவாதி, என் மனைவி எல்ஃப், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் குள்ளன். ஸார்கன் நாற்காலி எனக்கு.

புதிய பதிப்பில் மேசை, புத்தக அலமாரி, கல்லறை எல்லாம் முழுக்க பிளாஸ்டிக்கில் அழுத்தமாக வந்திருக்கின்றன. பழையதில் பாதி அட்டை. கேம்ஸ் வொர்க்‌ஷாப்புக்கு உரிய பெயர்கள் போய்விட்டன. ஃபிமிர் என்ற ஒற்றைக்கண் பிராணிக்குப் பதில் வேறொரு மீன்முகப் பிராணி. எனக்கு அதில் வருத்தமில்லை. என்னைத் தடுமாற வைத்தது இன்னொன்று. ஐரோப்பியப் பதிப்பில் எல்லா அரக்கர்களுக்கும் உயிர் ஒன்றுதான். ஒரே அடியில் விழுவார்கள். மறுபதிப்பு அமெரிக்க விதியைப் பின்பற்றுகிறது, சிலருக்கு இரண்டு, மூன்று உயிர். திண்ணையில் நான் ஒரே வீச்சில் சாய்த்த கல் அரக்கன் இப்போது எழுந்து நின்று திருப்பி அடிக்கிறான்.

குறை என்றால் முதலில் நடையைச் சொல்ல வேண்டும். கோப்ளின் என்ற குட்டி அரக்கப் பிராணி எப்போதும் 10 கட்டம் ஓடும். நாயகன் இரண்டு பகடையை உருட்டித்தான் நகர வேண்டும். கதவுக்கு மூன்று கட்டம் இருக்கும்போது ஒன்றும் ஒன்றும் விழுந்தால் அந்தச் சுற்று வீண். "தாயத்தில் ஒன்று விழுந்தாலாவது ஒரு மரியாதை உண்டு" என்பார் ஆசிரியர். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் அச்சிட்டவர்கள் இதையாவது மாற்றியிருக்கலாம். நாங்கள் ஓராண்டு பொறுத்துவிட்டு, ஒரு பகடையோடு நான்கு கட்டம் சேர்த்து நடப்பது என்று வீட்டு விதி போட்டுக்கொண்டோம்.

அதற்கு நேர்மாறாக, ஒரு கையும் வைக்கத் தேவையில்லாத இடம் புதையல் அட்டைக்கட்டு. அறையைத் தேடி எடுத்த அட்டையில் தங்கமோ மருந்தோ கிடைத்தால் அந்த அட்டை கட்டைவிட்டுப் போய்விடும். அலைந்து திரியும் அரக்கனோ ஆபத்தோ வந்தால், அந்த அட்டை மீண்டும் கட்டுக்குள் போகும். ஆக, தேடத் தேட நல்லது குறையும், கெட்டது அப்படியே இருக்கும். முதல் அறையில் தேடியவன் சிரிக்கிறான், பத்தாவது அறையில் தேடியவன் அடி வாங்குகிறான். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆறாவது பயணத்தில் காட்டுவீரன் பெட்டியருகே நின்று கட்டின் உயரத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம் மாமா, நான் தேடவில்லை" என்றான். அன்றைக்குக் கட்டிய சுங்கவரி வசூலாகிவிட்டது.

அட்டைகள் ஆங்கிலம். மந்திரங்களுக்கு நான் தமிழில் சீட்டு எழுதி உறைக்குள் செருகினேன். பாறைக்குள் புகுந்து செல்லும் மந்திரத்துக்கு 'பாறை ஊடுருவல்' என்று எழுதியிருந்தேன். மந்திரவாதி அதை அடித்துவிட்டு பென்சிலால் 'சுவருக்குள் புகு' என்று எழுதினாள். பிறகு சீட்டைக் கையில் வைத்தபடியே கேட்டாள், "நடுச் சுவரில் நின்றுவிட்டால்?" விதிப்படி அங்கேயே முடிந்தது கதை. சொன்னேன். அதன் பிறகு ஒரு பயணத்திலும் அந்த மந்திரத்தை அவள் தொடவில்லை.

ஸார்கன் இல்லாமலே ஆட கைபேசிச் செயலி ஒன்றும் இருக்கிறது. இரண்டு முறை பார்த்தோம். அது சரியாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது, ஆனால் கதவைத் திறக்கும் முன் யாரையும் காக்க வைப்பதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மின்சாரம் போய், கைபேசியும் அணைந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் நானே ஸார்கனாக உட்கார்ந்தேன். வீதியில் தண்ணீர் படி ஏறிக்கொண்டிருந்தது. அக்கா மகள் ஒரு கண்ணை வாசலிலும் ஒரு கண்ணைப் பலகையிலும் வைத்திருந்தாள். கல்லறையை நான் மெதுவாக நகர்த்திய சத்தத்துக்கு எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

வாங்க நினைப்பவர்கள் இரண்டைக் கவனிக்கவும். கடற்காற்றில் அட்டைகள் விரைத்து வளைகின்றன. உறை போடாமல் ஒரு மழைக்காலம் தாங்காது. சித்திரை வெயிலில் பெட்டியைத் திணித்து மூடியதில் என் காட்டுவீரனின் வாள் வளைந்துவிட்டது. வெந்நீரில் முக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் விட்டால் நேராகும். மற்றபடி, வீட்டில் கதை சொல்லக் கூச்சப்படாத ஒருவர் இல்லையென்றால் இந்தப் பணத்துக்கு வேறு ஆட்டம் பாருங்கள்.

இரண்டாம் பயணத்தில் சிறைப்பட்ட ராக்னர் பிரபுவை மீட்டு படிக்கட்டுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் முறை தோற்றோம், பிறகு வேறு பயணங்களை முடித்துவிட்டுத் திரும்பிப் போயும் இரண்டு முறை தோற்றோம். போன ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "அவருக்கு உள்ளே வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது அல்லவா? இருக்கட்டும்" என்றார்.